ஒன்பது ராத்திரி வெளிச்சம்

— மூணு மணிக்குத் தண்ணி வடிஞ்சிடும், அப்புறம் படகு சேத்துல நிக்கும்னு படகுக்காரர் சொல்லிட்டார். அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும், நூபியாம்மா. போன மாசம் உங்க ஊருக்கு இவ்வளவு லைட் எங்கிருந்து வந்துச்சு?

— முதல்ல சாப்பிடுங்க, டாக்டர். மீன் ஆறுது.

— நான் டாக்டர் இல்லைன்னு காலையிலயே சொன்னேன். இன்ஜினியர். எர்னான் ஃபொரேரோ.

— ஷூ போட்டுக்கிட்டு இந்த ஆத்துல வந்து இறங்குற எல்லாரும் எங்களுக்கு டாக்டர்தான். வாழைக்காயும் எடுத்துக்கோங்க.

— எடுத்துக்கோங்க தலைவரே. எங்க அண்ணி சமையலைச் சாப்பிட்டுட்டு யாரும் கோவமா ரிப்போர்ட் எழுதினது இல்ல.

— ஆர்செஸியோ, நீங்கதானே இன்ஜின் ஓட்டுறவர்?

— பதினோரு வருஷமா, தலைவரே. எங்கம்மா மேல சத்தியமா, ஒரு நாள் கூட...

— சத்தியம் அப்புறம். ஒரு ராத்திரிக்கு எவ்வளவு நேரம் ஓட்டுறீங்க?

— நாலு மணி நேரம். சாயங்காலம் ஆறுக்குப் போட்டா பத்துக்கு அணைச்சிடுவேன். வர்ற டீசல் அதுக்குத்தான் காணும்.

— அப்போ பெட்டி பொய் சொல்லுது.

— எந்தப் பெட்டி?

— இன்ஜின் ரூம் சுவத்துல நாங்க மாட்டின பெட்டி. நீங்க சட்டை காயப் போட்டிருக்கீங்களே, அதுக்கு அடியில இருக்கிறது. இன்ஜின் எவ்வளவு நேரம் ஓடுதுன்னு தினமும் சாட்டிலைட் வழியா பொகோத்தாவுல எங்க ஆஃபீஸுக்கு அனுப்புது. உங்க ஊர் லா பர்ரா, செப்டம்பர் மாசம், சராசரியா ஒரு நாளைக்கு ஆறு மணி இருபத்துநாலு நிமிஷம்.

— நல்லதுதானே, தலைவரே?

— நல்லது இல்ல. சூரிய மின் நிலையம் கட்டுறதுக்கு வந்திருக்கிற நிதி, ஆறு மணி நேரத்துக்கும் கம்மியா கரன்ட் உள்ள ஊருக்கு மட்டும்தான். ஆறைத் தாண்டினா 'போதுமான வெளிச்சம் உள்ள ஊர்'. நாளைக்குக் காலையில பட்டியலை மூடுறாங்க. இந்த நிமிஷம் வரைக்கும் உங்க ஊர் அதுல இல்ல.

— இருபத்துநாலு நிமிஷத்துக்காகவா, டாக்டர்?

— இருபத்துநாலு நிமிஷத்துக்காக.

— போதுமான வெளிச்சம். பத்து மணிக்கு மேல இந்த ஊர்ல ஒருத்தர் மூஞ்சி இன்னொருத்தருக்குத் தெரியாது. அதையும் எழுதிக்கோங்க.

— எழுதுறதுக்கு அதுல இடம் இல்ல, நூபியாம்மா. ஒரு எண் மட்டும்தான் போட முடியும்.

— தலைவரே, நான் உண்மையைச் சொல்லிடுறேன். சாவி உடைஞ்சு போச்சு.

— எந்தச் சாவி?

— இன்ஜினை அணைக்கிற சாவி. திருகினேன், கையோட வந்துடுச்சு. இன்ஜின் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

— ஒன்பது ராத்திரி. தொடர்ந்து. சாயங்காலம் ஆறுல இருந்து காலையில ஆறு வரைக்கும். பகல்ல மட்டும் சாவி ஒட்டிக்கிச்சா?

— ஃபுட்பால் மேட்ச்னு சொல்லலாமா?

— 'சொல்லலாமா'வா?

— ஆர்செஸியோ, வாயை மூடு. டாக்டருக்கு ஜூஸ் கொண்டு வா.

— எனக்கு ஜூஸ் வேண்டாம். ஒரு பதில் வேணும். பாருங்க, நான் இங்க வரணும்னு யாரும் சொல்லலை. பெட்டி சொன்னதை நம்பி பொகோத்தாவுலயே உட்கார்ந்து உங்க ஊர் பேரை ஒரு கோடு போட்டு அடிச்சிருக்கலாம். ஒரு பிளேன், ஒரு லாரி, ரெண்டு படகு, நேத்து முழுக்க வாந்தி. எதுக்கு? இந்த எண்ல ஏதோ தப்பு இருக்கு, போய்ப் பார்த்தா சரி பண்ணிடலாம்னுதான்.

— அது தெரியும், டாக்டர். அதனாலதான் பெரிய மீன்.

— அப்போ சொல்லுங்களேன்!

— அண்ணி, சொல்லிடலாம். ஒன்பது ராத்திரின்னு அவரே எண்ணிட்டார். இந்தக் கரையில ஒன்பது ராத்திரின்னா என்னன்னு கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும்.

— துக்க வீடா?

— துக்க வீடுதான், தலைவரே. எங்க ஊர்ல யாரையும் இருட்டுல அனுப்ப மாட்டோம். ஒன்பது ராத்திரியும் விடிய விடிய லைட் எரியணும். அடுத்த ஆத்தங்கரைக்காரங்க, அதுக்கு அடுத்த ஆத்தங்கரைக்காரங்க எல்லாரும் வருவாங்க. பாட்டு, டோமினோ ஆட்டம், காபி, கரும்புச் சாராயம். ஒன்பதாம் ராத்திரி பாடி முடிச்சு விளக்கை அணைச்சா ஆத்மா போயிடும். இருட்டுலயே உட்கார்ந்திருந்தா எதை அணைக்கிறது?

— கடவுளே. இதைக் காலையிலயே சொல்றதுக்கு என்ன?

— மானிய டீசல்ல ராத்திரி பூரா சாராயம் குடிக்கிறானுங்கன்னு எழுதிடுவீங்களோன்னு பயம்.

— அதுக்கு விதியே இருக்கு, ஆர்செஸியோ! மரண விலக்கு. பெட்டி மாட்டின முதல் வருஷம் இந்தக் கரை முழுக்க ஊர் ஊரா கணக்கு கோணிப் போச்சு. என்னடான்னு பார்த்தா எல்லாம் துக்க வீடு. அதுக்காகவே தனியா எழுதி வச்சோம். ஒரு சாவுக்கு ஒன்பது ராத்திரியைக் கழிச்சுக்கலாம். கழிச்சா உங்க சராசரி நாலு மணி நேரம். ஊர் பட்டியல்ல வந்துடும்.

— வந்துடுமா? அண்ணி, கேட்டீங்களா? வந்துடுமாம்!

— கேட்டேன்.

— கேட்டேனாம். ஆறு வருஷமா இதுக்காக அலைஞ்ச மனுஷி, தலைவரே. இறால் பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு மூணு தடவை பொகோத்தா போனாங்க.

— பரிசுன்னு கொண்டு போனேன். லஞ்சம்னு வாசல்ல பிடுங்கிக்கிட்டான். சாயங்காலம் வாட்ச்மேன் ரூம்ல இருந்து இறால் வறுவல் வாசம் வந்துச்சு.

— இன்னொரு தடவை உங்க ஆஃபீஸ் லிஃப்ட்லயே மாட்டிக்கிட்டாங்க. கரன்ட் போயிடுச்சாம்!

— ஒரு மணி நேரம். கூட மாட்டிக்கிட்டவர் உங்க டைரக்டர், டாக்டர். அன்னிக்குத்தான் அவர் என் மனுவை முழுசாக் கேட்டார்.

— அது நீங்கதானா! அவர் இன்னும் அதைச் சொல்லிக்கிட்டு இருக்கார். சரி, சந்தோஷம். சாவுச் சான்றிதழைக் குடுங்க, நான் கிளம்புறேன்.

— அது இல்ல.

— ஏன் இல்ல?

— பதிவு ஆஃபீஸ் டவுன்ல. வாரத்துல ரெண்டு நாள் திறப்பாங்க. அதுல ஒரு நாள் கரன்ட் இருக்காது, கம்ப்யூட்டர் ஓடாது.

— டவுன்லயா?

— டவுன்லதான். போதுமான வெளிச்சம் உள்ள டவுன்.

— சரி. பரவாயில்ல. சான்றிதழ் இல்லாட்டி இந்தத் தாள் இருக்கு. செத்தவரோட நெருங்கின சொந்தம் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். கீழ மின் கமிட்டித் தலைவர் ஒரு கையெழுத்து. தலைவர் நீங்கதான், நூபியாம்மா. அந்த வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு விடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

— வேற யாராவது செத்ததா எழுதலாமா, டாக்டர்?

— என்ன?

— எவெலியோ பெரியவர் இருக்கார். எதிர் வீடு. கேட்டா சரின்னுடுவார். ஊர் முழுக்க டோமினோவுல தோத்துட்டு ஒளிஞ்சுக்கிட்டுத் திரியறார், அவருக்கும் வசதி.

— உயிரோட இருக்கிறவரையா?

— எண்பது தாண்டிடுச்சு. கொஞ்சம் முன்னாடியே எழுதினதா இருக்கட்டும்.

— நூபியாம்மா, தயவுசெஞ்சு. போன வருஷம் ஒரு ஊர்ல ஒரே ஆளை ரெண்டு தடவை சாகடிச்சாங்க. ரெண்டு தடவையும் அவரே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். விசாரணை இன்னும் முடியலை. பொய் வேண்டாம். உங்ககிட்ட நிஜமாவே ஒரு சாவு இருக்கும்போது பொய்ச் சாவு எதுக்கு? யார் செத்தது?

— தலைவரே, இன்னும் ஒரு வாழைக்காய்...

— யார் செத்ததுன்னு கேட்டேன். ஏன் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறீங்க?

— லெயோவிஹில்தோ. லெயோன்னு கூப்பிடுவோம். என் அண்ணன், தலைவரே.

— அடடா. எனக்குத் தெரியாது, ஆர்செஸியோ. மன்னிச்சுக்கோங்க. நான் பாட்டுக்கு சாவி, ஃபுட்பால்னு உங்களைப் போட்டு...

— பரவாயில்ல, தலைவரே. ஆரம்பிச்சது நான்தான்.

— சொந்த அண்ணனா?

— கூடப் பிறந்தவர். எங்க வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான்.

— ஒரு நிமிஷம். இவங்களை நீங்க அண்ணின்னு கூப்பிடுறீங்க.

— ஆமா.

— நூபியாம்மா?

— முள்ளு இருக்கும். பார்த்துச் சாப்பிடுங்க.

— உங்க கணவரா?

— என் வீட்டுக்காரர்தான்.

— நீங்க மஞ்சள் கவுன் போட்டிருக்கீங்க. கறுப்புல இருந்திருந்தா நான் இப்படிக் கத்தியிருக்க மாட்டேன். சத்தியமா.

— கறுப்பு எதுக்கு? அவர் சாகலை.

— என்ன?

— வரலை. சாகலை. ரெண்டும் வேற வேற.

— அண்ணி, மறுபடியும் ஆரம்பிக்காதீங்க.

— நான் ஆரம்பிக்கலை. அவர்தான் கேட்டார்.

— ஆர்செஸியோ, என்ன நடந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் எனக்கு ஒழுங்காச் சொல்லுங்க.

— டீசல் தீர்ந்துக்கிட்டு வந்துச்சு, தலைவரே. எண்ணெய்க் கப்பல் வரலை.

— ஏன் வரலை?

— அதை உங்ககிட்டதான் கேட்கணும். மானியப் பணம் வந்தாத்தான் கப்பலை எடுப்பேன்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான்.

— மானியம் மூணு மாசம் தள்ளித்தான் போகும். அது பட்ஜெட் ஆஃபீஸ்ல இருந்து... சரி, அதை விடுங்க. அப்புறம்?

— அண்ணன் எங்க படகை எடுத்துக்கிட்டுத் துறைமுகத்துக்குக் கிளம்பினார். சொந்தக் காசு போட்டு ஆறு பீப்பாய் வாங்கிட்டு வரேன்னு.

— செப்டம்பர்லயா? அந்தக் காத்துலயா? கப்பல் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதா?

— காத்திருந்தா என்ன ஆகும், டாக்டர்?

— என்ன ஆகும்? கொஞ்ச நாள் இருட்டா இருந்திருக்கும்.

— எத்தனை நாள்?

— நூபியாம்மா...

— சொல்லுங்க. தொடர்ந்து எத்தனை நாள் இருட்டா இருந்தா மானியம் நின்னு போகும்?

— அஞ்சு.

— யார் எழுதினது அதை?

— எங்க ஆஃபீஸ்தான். ஆனா அது உங்களுக்காக எழுதினது இல்ல. டீசலை வித்துட்டு இன்ஜினை நிறுத்தி வைக்கிறாங்க பாருங்க, அவங்களுக்காக.

— நாங்க விக்கலை.

— தெரியும்.

— உங்களுக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரியுமா? இருட்டா இருந்தா டீசல் கிடையாது. வெளிச்சமா இருந்தா சூரியத் தகடு கிடையாது. நடுவுல எவ்வளவு எரிஞ்சா உங்களுக்குத் திருப்தி? அளந்து சொல்லிட்டீங்கன்னா அந்த அளவுக்கு எரிச்சுக்குவோம்.

— நான் ஒத்துக்கிறேன். ஒண்ணை எழுதும்போது இன்னொண்ணை யாரும் பார்க்கலை. ஆறு மணி நேரம்ங்கிறது கடன் குடுக்கிற பேங்க்காரங்க சொன்னது. அஞ்சு நாள்ங்கிறது நாங்க சொன்னது. ரெண்டு பேரும் ஒரே மேஜையில உட்கார்ந்ததே இல்ல.

— அவர் அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் படகு ஓட்டினார். அதையும் எழுதிக்கோங்க.

— படகு கிடைச்சுதா, ஆர்செஸியோ?

— கிடைச்சுது. தெற்கே சதுப்புக் காட்டுல, வேருக்குள்ள செருகிக்கிட்டுக் கிடந்துச்சு. பீப்பாய் ஆறும் கட்டினது கட்டினபடி. அண்ணன் போட்ட முடிச்சு. ஆள் இல்ல.

— தேடினீங்களா?

— கையில இருந்த கடைசிப் பெட்ரோல் வரைக்கும் தேடினோம், தலைவரே. ஆத்து வாயில இருக்கிற அந்த மணல் திட்டுல அலை எப்படி எழும்பும்னு நீங்க காலையில பார்த்தீங்கல்ல?

— பார்த்தேன். கண்ணை மூடிக்கிட்டேன்.

— நாங்களும் ஒரு கட்டத்துல மூடிக்கத்தான் வேண்டியிருந்துச்சு. அப்புறம் ஊர்ப் பெரியவங்க உட்கார்ந்து பேசி ஒன்பது ராத்திரி வச்சோம். உடம்பு இல்லாட்டியும் பாட்டு உண்டு. கடல்ல போனவங்களுக்கு அப்படித்தான்.

— அந்த டீசல்?

— எந்த டீசல்?

— பீப்பாய்ல இருந்தது.

— அதைத்தான் எரிச்சோம், டாக்டர். ஒன்பது ராத்திரியும். அவர் காசுல வாங்கி, அவர் கட்டிக் கொண்டு வந்தது. மானியம் ஒரு சொட்டு இல்ல. அது தீர்ந்த மறுநாள் உங்க எண்ணெய்க் கப்பல் ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்துச்சு.

— கப்பல் தாமதத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன், நூபியாம்மா.

— ஒண்ணும் சொல்ல வேண்டாம். மீனைச் சாப்பிடுங்க.

— மழை வலுக்குது, தலைவரே. படகுக்காரர் கீழ நின்னு கையைக் காட்டுறார். அந்தத் தாளைக் குடுங்க, நான் போடுறேன் கையெழுத்து. கூடப் பிறந்த தம்பி, என்னை விட நெருங்கின சொந்தம் யாரு?

— மனைவி இருக்கும்போது தம்பி போட முடியாது. போட்டாலும் கமிட்டித் தலைவர் கையெழுத்து வேணும். ரெண்டு இடத்துலயும் இவங்கதான்.

— அப்போ தலைவர் பதவியை எனக்குக் குடுங்க அண்ணி. ஒரு மணி நேரத்துக்கு.

— எடுத்துக்கோ.

— அது ஊர்க் கூட்டம் கூட்டி, ஓட்டுப் போட்டு, எழுதி அனுப்பி, நாங்க ஒப்புதல் குடுக்கணும், ஆர்செஸியோ. ரெண்டு மாசம் ஆகும்.

— எல்லாத்துக்கும் ஒரு விதி வச்சிருக்கீங்களே, தலைவரே! பொண்டாட்டி பிடிவாதம் பிடிச்சா என்ன பண்றதுன்னு ஒண்ணு எழுதி வைக்கலையா?

— நூபியாம்மா, இது சாவுச் சான்றிதழ் இல்ல. கோர்ட்டுக்குப் போகாது, சர்ச்சுக்குப் போகாது. எங்க ஃபைலுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். வெறும் தாள்.

— அஞ்சு நாளும் வெறும் தாள்தானே, டாக்டர்?

— நான் அப்படிச் சொல்ல வரலை.

— அடுத்த தடவை எப்போ?

— அடுத்த பட்டியலா? தெரியலை. உண்மையாவே தெரியலை. பேங்க் மறுபடியும் கடன் குடுக்கணும், புது அரசாங்கம் வந்து கையெழுத்துப் போடணும். மூணு வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம்.

— கேட்டீங்களா அண்ணி? ஐஸ் இல்லாம பாதி மீனைக் கடல்லயே திருப்பிக் கொட்டுறோம். மூணு வருஷம் இன்னும் கொட்டணுமா? ஊர் முழுக்க வெளியில நின்னுக்கிட்டு இருக்கு. நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு கேட்க நிக்குது. அறுபது வீடு.

— அறுபது வீட்டுக்கும் சேர்த்துத்தான் ஆறு வருஷம் அலைஞ்சேன். எனக்குக் கணக்குச் சொல்லாதே.

— அப்போ ஒரு கையெழுத்து! அண்ணனே இருந்திருந்தா, போடுடின்னு சொல்லியிருப்பார்.

— இருந்திருந்தாவா? அவர்தான் சொல்லணும்னு நீயே சொல்லிட்ட பாரு, வரட்டும், வந்து சொல்லட்டும்.

— பாருங்க தலைவரே, இப்படித்தான். ஒன்பது ராத்திரியும் இப்படித்தான். நாங்க அங்க அண்ணனை வழியனுப்பிக்கிட்டு இருக்கோம், இவங்க படகுத்துறையில நின்னு கடலைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. ஒரு ராத்திரி கூடப் பாட்டுக்கு வந்து உட்காரலை. ஜனம் என்ன பேசுச்சுன்னு தெரியுமா அண்ணி?

— தெரியும். அங்கதானே நின்னேன். எல்லாத்துக்கும் மேல உன் குரல்தான் கேட்டுச்சு. ராகத்துல இருந்து விலகி.

— ஒரு நிமிஷம், நூபியாம்மா. எனக்கு இது புரியலை. அவர் சாகலைன்னு நினைக்கிறீங்க. அப்போ ஏன் இன்ஜினை ராத்திரி பூரா ஓட்ட விட்டீங்க? தலைவர் நீங்க. வேண்டாம்னு சொல்லியிருந்தா ஓடியிருக்காது. சராசரியும் ஏறியிருக்காது.

— அவங்க பாட்டுக்காகக் கேட்டாங்க. நான் லைட்டுக்காகச் சரின்னேன்.

— புரியலை.

— நீங்க பகல்ல வந்தீங்க. ராத்திரி வந்திருந்தாப் புரிஞ்சிருக்கும். அந்த மணல் திட்டுல உள்ள வர்றதுக்கு ஒரே ஒரு வாய்தான் இருக்கு. ராத்திரியில அதை எப்படிக் கண்டுபிடிப்பாங்க தெரியுமா? எங்க சர்ச் லைட்டும் படகுத்துறை லைட்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு தெரியணும். தெரிஞ்சா நேரா வரலாம். பத்து மணிக்கு இன்ஜின் நின்னா ஊரே இருக்காது. கடல்லருந்து பார்த்தா வெறும் காடு.

— அதுக்கா?

— அவர் எந்த நேரத்துக்கு வருவாரோ. நீந்தி ஏதாவது தீவுல ஏறியிருப்பார், வேற படகுல வருவார், பத்தரைக்கு வந்தா என்ன பண்ணுவார்? ஒன்பது ராத்திரிதான் ஊர் குடுத்துச்சு. நான் தொண்ணூறு கேட்டிருப்பேன்.

— ஒன்பதாம் ராத்திரி இவங்க பண்ணினது தெரியுமா, தலைவரே? விடியறதுக்கு முன்னாடி பாட்டை முடிச்சு, அண்ணனுக்காகப் போட்ட பீடத்தைப் பிரிச்சு, எல்லா மெழுகுவத்தியும் ஊதியாச்சு. இன்ஜினையும் அணைச்சாத்தான் ஆத்மா கிளம்பும். நான் போறேன், இவங்க இன்ஜின் ரூம் வாசல்ல நிக்கிறாங்க. கையில துடுப்பு. நல்லா விடியட்டும்னு.

— விடிஞ்சப்புறம் அணைக்க விட்டேனே.

— விடிஞ்சப்புறம் அணைச்சு என்ன பிரயோஜனம்? ஊரே முறைச்சுது. அண்ணன் ஆத்மா இன்னும் இங்கயே சுத்துதுன்னு எவெலியோ பெரியவர் என்கிட்ட சண்டை. டோமினோவுல தோக்கறதுக்குக்கூட அண்ணன்தான் காரணமாம்.

— சுத்தட்டும். வீட்டுக்கு வழி தெரியாமச் சுத்தாம இருந்தாச் சரி.

— நூபியாம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க நினைக்கிறதை நினைச்சுக்கோங்க. யாரும் மாத்தச் சொல்லலை. ஆனா கை மட்டும் இங்க ஒரு கோடு போடட்டும்.

— உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, டாக்டர்?

— ஆயிடுச்சு.

— நேத்து வாந்தி எடுத்தீங்களே, அப்போ அவங்க இப்படி ஒரு தாள்ல கோடு போட்டிருந்தா?

— அது வேற.

— ஆமா. நீங்க வந்து சேர்ந்துட்டீங்க.

— தலைவரே, தண்ணி இறங்குது. படிக்கட்டு தெரிய ஆரம்பிச்சிடுச்சு.

— தெரியுது, ஆர்செஸியோ! ராத்திரிக்குள்ள நான் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் இதை அனுப்ப முடியும். நூபியாம்மா, நான் பொய் எழுத மாட்டேன். எழுதாமலும் போக மாட்டேன். நீங்க போடலைன்னா ஆறு மணி இருபத்துநாலு நிமிஷம்னே போகும். எனக்கு வேற வழி இல்ல.

— அந்த சூரிய நிலையம் வந்தா எவ்வளவு நேரம் எரியும்?

— என்ன இப்போ திடீர்னு?

— கேட்கிறேன். ஆறு வருஷம் கேட்ட கேள்விதான். இன்னொரு தடவை சொல்லுங்க.

— இருபத்துநாலு மணி நேரமும். பகல்ல பேட்டரி நிரம்பும், ராத்திரி பூரா எரியும்.

— பத்து மணிக்கு அப்புறமும்?

— பத்து, பன்னண்டு, ரெண்டு, எப்பவும்.

— படகுத்துறையில?

— அங்க ரெண்டு கம்பம். வரைபடத்துல இருக்கு. சர்ச் முன்னாடி ஒண்ணு.

— கடல்லருந்து தெரியுமா?

— தெரியும்.

— மணல் திட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து?

— நல்லாத் தெரியும், நூபியாம்மா.

— அப்போ அவருக்கு வழி தெரியணும்னா, முதல்ல அவர் செத்திருக்கணும்.

— அண்ணி...

— இதுவும் பேங்க்காரன் சொன்னதா, டாக்டர்? இல்ல உங்க ஆஃபீஸா?

— யாரும் இப்படி நினைச்சு எழுதலை.

— தெரியும். அந்தப் பேனாவைக் குடுங்க.

— அவசரம் இல்ல. படகுக்காரர்கிட்ட நான் சொல்றேன், இன்னும் கொஞ்ச நேரம்...

— தண்ணி கேட்காது. குடுங்க. ஆர்செஸியோ, அங்க நின்னு மூக்கை உறிஞ்சாதே. கீழ போய் படகைப் பிடிச்சு வை. டாக்டர் சேத்துல இறங்கினா ஷூ போயிடும், அப்புறம் அவரை நாம டாக்டர்னு கூப்பிட முடியாது.

— போறேன் அண்ணி.

— எங்க எழுதணும்?

— இங்க அவரோட முழுப் பேர். அதுக்குக் கீழ உங்க கையெழுத்து, மனைவியா. இங்க இன்னொண்ணு, கமிட்டித் தலைவரா.

— அவர் பேர் பெருசு. இந்தக் கட்டத்துக்குள்ள அடங்காது.

— வெளியில போனாலும் பரவாயில்ல.

— எழுதிட்டேன். இங்க 'இறந்த தேதி'ன்னு ஒண்ணு கேட்டிருக்கீங்க. எதைப் போடட்டும், டாக்டர்? அவர் படகை எடுத்துக்கிட்டுப் போன நாளா, நீங்க வந்து இறங்கின நாளா?